மணக்குடிக் காயலில் தரைதட்டிய ஞாயிற்றுக்கிழமை

காயல், ஓடை, பொழி (காயல் கடலில் சேர்ற வாய்)ன்னு எங்கேயாவது மாட்டிக்கிட்ட கதை இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க. எங்க கதையை இதுவரைக்கும் வீட்டில்கூட முழுசாச் சொன்னதில்லை.

2023 தை அமாவாசை சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு. நாகர்கோவிலில் ஒண்ணாப் படிச்ச அஞ்சு பேர், அதில் ரெண்டு பேர் பெங்களூர்வாசிகள். ஒருத்தனோட சித்தப்பாவுக்குக் கீழமணக்குடியில் ஃபைபர் வள்ளம் உண்டு, பின்னால 9.9 குதிரைத்திறன் எஞ்சின். ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, வள்ளம் சும்மாக் கிடக்கும். எண்ணெய்ச் செலவு எங்களோடது. சித்தப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணு: "பொழிப் பக்கம் போவப்பிடாது மக்கா. சாயா குடிக்க நேரத்துக்குத் திரும்பிரணும், கேட்டியா?"

பொழிப் பக்கம் போகலை. அந்த மட்டும் சொன்ன பேச்சு கேட்டோம்.

மணக்குடியில்தான் பழையாறு கடலில் சேருது. சுசீந்திரம் வழியா வர்ற அதே ஆறு. 2004 சுனாமியில் மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலம் பெயர்ந்தே போச்சு, அப்புறம் ரொம்ப காலம் இரும்புப் பாலத்தில்தான் போக்குவரத்து. இப்போதைய பாலத்துக்குக் கீழே எஞ்சின் சத்தம் எதிரொலிக்க நுழைஞ்சப்ப நாங்க போட்ட கூச்சல் இருக்கே, அதை இப்ப நினைச்சாலும் வெட்கமா இருக்கு. கரையில் நின்ன கொக்கு எல்லாம் பறந்து போச்சு.

பாலம் தாண்டி உள்ளே போனா உலகமே வேற. அலையாத்திச் செடிகள், சகதியில் குத்தி நிக்கிற வேர்கள், ஓரமா ஊறப்போட்ட கதம்பை (தேங்காய் மட்டை). அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. பெங்களூர்க்காரன் ஒருத்தன் மூக்கைப் பொத்தினான். இன்னொருத்தன், சின்ன வயசில் ஆத்தங்கரையில் நின்ன ஞாபகம் வருதுன்னு இழுத்து மோந்தான். மரச்சீனி அவிச்சது, சாளைக் கறி, ஒரு சீப்பு ரசகதலி எல்லாம் பன்னிரண்டு மணிக்கே காலி. உப்பளத்தை ஒட்டிப் போற ஒரு கிளை ஓடையில் திருப்பினோம். கூழைக்கடா ரெண்டு எங்களைச் சட்டை பண்ணாம மிதந்தது. படம் எடுத்தோம், பாட்டு போட்டோம், எஞ்சினை அணைச்சுட்டு ரெண்டு மணி நேரம் தூங்கினோம். தப்பு அங்கேதான்.

நம்ம கடற்கரையில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. குஜராத் மாதிரி பெரிய ஏற்ற வத்தம் இல்லையே, இது என்ன செய்யப் போகுதுன்னு ஒரு நினைப்பு. ஆனா அன்னைக்கு நிலா பூமிக்கு ரொம்பக் கிட்ட இருந்த அமாவாசை; வழக்கத்தைவிட ஏறும், வழக்கத்தைவிட வத்தும். புரொப்பல்லருக்கு ரெண்டடி தண்ணி வேணும். மூணடி இருந்த ஓடையில் ஒன்றரை அடி இறங்கினாப் போதும், கணக்கு முடிஞ்சுது.

எழுந்து எஞ்சினைப் போட்டதும் சகதி கலங்கிக் கறுப்பா வந்தது. எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் நூல் மாதிரி தண்ணி பீச்சும் பாருங்க, குளிர்விக்க உறிஞ்சின தண்ணி அது. அந்த நூல் மெலிஞ்சு நின்னே போச்சு. அணைச்சுட்டு எஞ்சினைத் தூக்கினா புரொப்பல்லரில் வலைத்துண்டு சுத்தியிருக்கு. ஒருத்தன் வீரமா இறங்கினான், முட்டி வரை உள்ளே போயிட்டான். காலை இழுத்தா செருப்பு வரலை. உள்ளங்கால் சிப்பி ஓட்டில் கிழிஞ்சிருந்தது.

போனில் பார்த்தோம். இன்ன நேரத்துக்கு வத்தம் முடிஞ்சு தண்ணி ஏறும்னு போட்டிருந்தது. சரி, காத்திருப்போம்னு உட்கார்ந்தோம். அந்த நேரமும் வந்தது. கரையில் குத்தியிருந்த ஒரு கம்பைக் குறியா வச்சிருந்தேன். டார்ச் அடிச்சுப் பார்த்தா ஈரக் கோடு இன்னும் இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. போன் சொன்னது கடலோட நேரம். காயல் தண்ணி பொழியோட குறுகின வாய் வழியாத்தான் வெளியே போகணும். கடல் திரும்பின பிறகும் உள்ளே இருக்கிறது வடிஞ்சு முடியாது. எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கோமோ அவ்வளவு தாமதம். இதெல்லாம் பிறகு சித்தப்பா திட்டிக்கிட்டே விளக்கினது. அஞ்சு பேருக்கு மூணு லைஃப் ஜாக்கெட்தான் இருந்ததுன்னு தெரிஞ்சதும் அந்தத் திட்டு ரெட்டிப்பாச்சு.

கொசுவைப் பத்தி எழுதப் போறதில்லை.

கரையிலிருந்து ஒரு பாட்டியோட குரல்: "எல்லாருமா பின்னால குமிஞ்சு இருந்தா வள்ளம் எப்பிடிடே அனங்கும்? முன்னால போங்கலே!" பாட்டி வீட்டுக்குப் போய் ஒரு அண்ணனை அனுப்பினாங்க. அவர் சின்ன வள்ளத்தில் கோல் ஊன்றி வந்து, நாலு பேரைத் தன்னோட வள்ளத்தில் ஏத்திக்கிட்டார். பாரம் குறைஞ்சதும் எங்க வள்ளம் ரெண்டு விரக்கடை எழும்பினது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வந்த வழியே பின்னோக்கிக் கோலால் தள்ளி, ஓடை வளைவில் வெளிக்கரையை ஒட்டியே கொண்டுவந்தார். தண்ணி வளையும்போது வெளிப்பக்கத்தைத்தான் அரிக்கும், ஆழம் அங்கேதான் இருக்கும்னார். நாங்க பகலில் உள்கரையை ஒட்டி, நிழலாப் பார்த்துப் போயிருந்தோம்.

இதுக்கு வந்த பதில்கள்:

பறக்கை மருமகள்: கதம்பை ஊறுற தண்ணியைப் பத்திச் சொன்னீங்களே. கல்யாணமான புதுசில் வெள்ளிக் கொலுசோட அதில் இறங்கிட்டேன். வெளியே வந்தா கொலுசு கரிக்கட்டை. மாமியார் சிரிச்சுக்கிட்டே சாம்பல் எடுத்துத் தந்தாங்க. முட்டை அழுகின மாதிரி ஒரு வாயு வருமில்ல, அதுதான் வெள்ளியைக் கறுக்க வைக்கும்னு பிறகு எம் பையன் பாடம் எடுத்தான்.

தேங்காப்பட்டணம் பேரன்: எங்க பக்கம் ஏ.வி.எம். கால்வாய். அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன்னு மூணு பேர் சேர்ந்த கால்வாய். 1860-இல் திருவிதாங்கூர் ராஜா வெட்ட ஆரம்பிச்சது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளம் ஓடணும்கிறது திட்டம், முழுசா முடியலை. ரெண்டு வருஷம் முன்னாடி நண்பர்களோட மோட்டாரில் போகலாம்னு இறங்கினோம். நூறு மீட்டர்தான். ஆகாயத்தாமரை புரொப்பல்லரைக் கட்டிப் பிடிச்சுது. மாட்டினதுன்னு சொல்லவும் வழியில்லை, கிளம்பவே இல்லையே.

மேலமணக்குடிக்காரன்: சித்தப்பா பொழிப் பக்கம் போகாதேன்னது சும்மா இல்லை. மழைக்குப் பிறகு, மணல் மூடின பொழியை வெட்டிவிட்ட நாளில் அங்கே இழுக்கிற இழுப்பில் எஞ்சின் எல்லாம் பொம்மை. ஓடையில் தட்டினா கொசுக்கடியோட போகும். அதுசரி, அந்தப் பாட்டிக்கு ஏதாவது செஞ்சீங்களா?

முதலில் எழுதினவன்: அடுத்த மாசம் பழமும் ரொட்டியும் வாங்கிட்டுத் தேடிப் போனோம். பாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இங்கின எத்தனையோ வள்ளம் தட்டுது. நீங்க எந்த வள்ளம் மக்கா?"