ஜெரிமாண்டரிங் = தொகுதித் திரிப்பு?

வணக்கம் நண்பர்களே,

ஜெரிமாண்டரிங் (தங்கள் கட்சிக்குச் சாதகமாகத் தேர்தல் தொகுதிகளின் எல்லையை வரைவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘தொகுதி மோசடி’க்குத்தான் ஆதரவு கூடுதலாகத் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல் பிறந்த இடமான அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1812 தேர்தலைப் பார்த்தால் காரணம் புரியும்.

அங்கே அப்போது ஆண்டுதோறும் தேர்தல். ஆளுநருக்கு மாநிலம் முழுக்க வாக்களிப்பார்கள், கீழவைக்கு ஊர்வாரியாக ஆள் அனுப்புவார்கள். 40 பேர் கொண்ட மேலவைக்கு மட்டும்தான் தனித் தொகுதிகள், அவையும் அதுவரை பெரும்பாலும் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) எல்லைகளை ஒட்டியே இருந்தன. ஆட்சியிலிருந்த ஜனநாயகக் குடியரசுக் கட்சி அந்த எல்லைகளைக் கலைத்து, எதிரணியான கூட்டாட்சிக் கட்சியின் வாக்குகள் வீணாகிற மாதிரி புதிதாகக் கோடு போட்டது. எசெக்ஸ் கவுண்டியில் ஒரு தொகுதி, தெற்கே பக்கத்துக் கவுண்டியின் செல்சியையும் சேர்த்துக்கொண்டு, ஆண்டோவர் வழியாக மேலேறி, ஹேவரில் பக்கம் திரும்பி, கடலோரத்து சாலிஸ்பரி வரை வளைந்து போனது. பிப்ரவரி 11 அன்று ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி சட்டத்தில் கையெழுத்திட்டார். மார்ச் 26 பாஸ்டன் கெசட்டில் அந்தத் தொகுதிக்குச் சிறகும் நகமும் வைத்துக் கேலிப்படம் வந்தது, பல்லி போன்ற உயிரினமான சாலமாண்டரின் பெயரோடு ஆளுநர் பெயர் ஒட்டிக்கொண்டது. (அவர் பெயர் கெரி, சொல்லை இன்று ஜெரி என்றுதான் உச்சரிக்கிறார்கள். ஒலிபெயர்க்கும்போது இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.)

ஏப்ரலில் கெரி தோற்றார், கீழவையும் கூட்டாட்சிக் கட்சிக்குப் போனது. மேலவைக்கு அக்கட்சி பெற்ற வாக்குகள் 51,766, ஆளும் கட்சி பெற்றது 50,164. ஆனால் இடங்களோ ஆளும் கட்சிக்கு 29, மற்றவர்களுக்கு 11! அதே மாநிலம், அதே மாதம். எல்லைக்கோட்டை மாற்ற முடியாத இரண்டு இடங்களில் தோற்றவர்கள், அதை மாற்ற முடிந்த இடத்தில் ஜெயித்தார்கள்.

இதற்குக் கள்ள ஓட்டோ பெட்டி மாற்றமோ தேவைப்படவில்லை. இரு அவைகளும் நிறைவேற்றி ஆளுநர் ஒப்பமிட்ட சட்டம் அது. மோசடி என்றால் சட்டத்தை மீறியதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், இங்கே சட்டமே கருவி. இந்தச் செயலின் கொடுமையே அதில்தான் இருக்கிறது, சொல் அதை மறைத்துவிடக் கூடாது. ‘முறைகேடு’க்கும் இதே குறைதான்.

‘பல்லித் தொகுதி’ படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆற்றையும் கடற்கரையையும் ஒட்டி நியாயமாகப் பிரித்த தொகுதிகூடக் கோணலாக இருக்கலாம், சதுரமாகத் தெரிகிற தொகுதிக்குள் சூழ்ச்சி இருக்கலாம்.

அதனால் என் பரிந்துரை ‘தொகுதித் திரிப்பு’. வரலாற்றைத் திரிப்பது, பேச்சைத் திரிப்பது என்று ஏற்கெனவே சொல்கிறோம், ஆக உள்நோக்கம் சொல்லிலேயே வந்துவிடுகிறது, குற்றம் என்ற பொருள் வருவதில்லை. வினையாகவும் தயங்காமல் வரும்: தொகுதியைத் திரித்தார்கள், திரித்த தொகுதி, இனவழித் தொகுதித் திரிப்பு. ‘தொகுதி மறுவரையறை’ நடுநிலைச் சொல்லாக நாளிதழ்களில் நிலைத்துவிட்டது, இதைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும்.

அப்புறம், இதன் இரண்டு உத்திகளுக்கும் சொல் வேண்டும். எதிரணி வாக்காளர்களை ஒரே தொகுதிக்குள் அடைத்து, அங்கே தேவைக்கு மேல் வாக்கு விழச் செய்வதற்கு ‘குவித்தல்’ என்கிறேன். பல தொகுதிகளில் பிரித்துப்போட்டு எங்கும் பெரும்பான்மை வராமல் செய்வது ‘சிதறடித்தல்’. இரண்டாவது கொஞ்சம் நீளம், ‘சிதைத்தல்’ என்றால் பொருள் மாறிவிடும், ‘உடைத்தல்’ கட்சி உடைவது போலக் கேட்கிறது. இதற்குச் சுருக்கமாக யாரிடமாவது வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.