நம் போலீஸ்: அயர்லாந்து அச்சா, மதராஸ் சரக்கா?

தென்னவன்77:
1861 போலீஸ் சட்டம் 1857 கிளர்ச்சியின் பயத்தில் பிறந்தது. முன்மாதிரி லண்டன் போலீஸ் அல்ல, அயர்லாந்தை அடக்க பிரிட்டிஷ் அரசு வைத்திருந்த போலீஸ் படையான அயர்லாந்து கான்ஸ்டபுலரி: ஆயுதம், பாசறை, மேலே வெள்ளை அதிகாரி. ஊரை அடக்கி வைக்க வந்த படை அது.

வைகைக்கரை:
தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு முழுசாப் பொருந்தாது சார். இங்கே அடிப்படை 1859இன் மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம், உங்கள் 1861க்கு மூத்தது. அதற்கு முன் தாசில்தார் கையிலேயே வரிவசூலும் போலீஸும் இருந்தன. கிஸ்தி (நிலவரித் தவணை) பாக்கி என்றால் விரல்களைக் கிட்டி என்ற மரக்கட்டை இடுக்கிக்குள் வைத்து நெருக்குவார்கள். இல்லாவிட்டால் குனியவைத்து, கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டும் ‘அனந்தால்’. 1855 சித்திரவதை விசாரணைக் குழு இதையெல்லாம் பதிவு செய்தது. அதன் பிறகுதான் வருவாயிலிருந்து போலீஸைப் பிரித்தார்கள். சீர்திருத்தம் இல்லையா இது?

தென்னவன்77:
பிரித்தார்கள், அடி நின்றதா? 1872 சாட்சியச் சட்டத்தில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 25, 26ஆம் பிரிவுகளை எழுதியதும் அதே அரசுதான். தன் போலீஸைத் தானே நம்பவில்லை. அடுத்த 27இல் பின்கதவு!

சாட்சிக்கூண்டு:
அந்தப் பின்கதவு இப்படித்தான் திறக்கும். கைதானவர் சொல்வதை விஏஓவும் அவர் உதவியாளரும் பார்க்க எழுதுவார்கள். அவர் காட்டும் இடத்தில் பொருளை எடுத்து, சாட்சிகள் கையெழுத்தோடு மகஜர் (கைப்பற்றல் பதிவு) போடுவார்கள். பொருள் கிடைக்கக் காரணமான வரி மட்டுமே சாட்சியம். “குத்திய கத்தியைக் கூரையில் செருகியிருக்கிறேன்” என்றால் ‘குத்திய’ தள்ளுபடி. புலுகூரி கொட்டய்யா வழக்கில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் போட்ட கோடு. கத்தி இருக்குமிடம் போலீசுக்கு முன்பே தெரிந்திருந்தால் கண்டெடுப்பே கிடையாது. அதனால்தான் குறுக்கு விசாரணையில் நேரத்தைப் பிடிப்பார்கள்: கைது எத்தனை மணி, விஏஓ வந்தது எத்தனை மணி? இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மீட்பே ஆட்டம் காணும். 2024 ஜூலை முதல் மூன்று பிரிவும் புதுச் சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 23இல் அடக்கம், நடைமுறை பழையதே.

வைகைக்கரை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பெனிக்கு முந்தைய, ஊரார் கூலி கொடுத்துக் காவல்காரர்களை வைத்த காவல் முறையும் சொர்க்கமில்லை. திருட்டு மாட்டை மீட்க, துப்புச் சொல்பவனுக்குத் துப்புக்கூலி அழவேண்டியிருந்தது.

தென்னவன்77:
அந்தக் காவல்காரர்களை வேலையிழக்கச் செய்துவிட்டு, சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகளாக்கிய குற்றப்பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்கச் சொன்னதும் இந்த வெள்ளைக்காரர்கள்தானே? ஊர்விட்டு ஊர் போக ராதாரிச்சீட்டு என்ற அனுமதிச்சீட்டு. ரேகை வைக்க மறுத்த, மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு.

வைகைக்கரை:
அது மறுக்க முடியாதது. மதராஸில் 1947இல் அந்தச் சட்டம் போனது. நம் ஆட்சி வந்தும் 27ஆம் பிரிவு ஏன் நீடித்தது? அதற்கு வெள்ளைக்காரனைக் கைகாட்ட முடியாது.