சேரி, குப்பம், காலனி, கொட்டாய்: எதுக்கு எது?

கேள்வி: ஓசூர்ல வேலை, சொந்த ஊரு மதுரைப் பக்கம். ஆபீஸ்ல ஒரு மொழிபெயர்ப்பு, 'ஸ்லம்'க்கு சேரின்னு போட்டேன், தர்மபுரிக்கார அண்ணன் ஒருத்தர் உடனே அடிச்சுட்டு குடிசைப் பகுதின்னு எழுதிட்டாரு. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில் 1: ஒண்ணு இல்லைங்க. சேரின்னா இப்போ சாதி வந்துடும், குடிசைப் பகுதின்னா வறுமை மட்டும்தான். ஆனா பழைய காலத்துல அப்படி இல்ல, உத்திரமேரூர் கல்வெட்டுல 12 சேரி வருது, அங்க இருந்தது பிராமணங்க! வேளச்சேரி, புதுச்சேரின்னு சொல்றப்போ யாரும் முகம் சுளிக்கறதில்லையே.

பதில் 2: குப்பம்னா சென்னைல மீனவர் ஊரு, நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கடலே இல்லாம குப்பம் குப்பமா ஊரு இருக்கு, வெறும் சின்ன ஊருன்னுதான் அர்த்தம். குடிசைங்கற வார்த்தையும் மாறிட்டுதான் வருது, தமிழ்நாடு அரசோட வாரியத்துக்கே 1970ல குடிசை மாற்று வாரியம்னு பேரு, 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்திட்டாங்க.

பதில் 3: கொட்டாயை விட்டுட்டீங்களே! கல்யாணத்துக்கு வந்த சென்னை ஃப்ரெண்டு, எங்க வீடு கொட்டாய்லன்னு சொன்னதும் பாவமா பாத்தான். வந்து பாத்தா மாடி வீடு, மாந்தோப்பு, ரெண்டு டிராக்டர். இங்க கொட்டாய்னா நிலத்துலயே வீடு கட்டி இருக்கறது.

பதில் 1: காலனி இன்னும் மோசம். ஓசூர்ல ஹவுசிங் காலனின்னா கௌரவம், கிராமத்துல 'காலனியா நீ?'ன்னு கேட்டா அது வேற கேள்வி. அதான் 2025ல அந்த வார்த்தைய அரசு ஆவணத்துலேர்ந்து எடுக்கறதா அறிவிச்சாங்க.

கேட்டவர்: சரிண்ணா, குடிசைப் பகுதின்னே விட்டுடறேன்.