'கோல்ட் ஜங்ஷன்': குளிர் சந்தியா, ஒப்புச்சந்தியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வெப்பநிலைக் கட்டுப்படுத்தியைப் பேனலில் பொருத்திக் கம்பியிணைப்புச் செய்வதற்கான கையேட்டுக்காக நாம் தொகுத்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலில் பெரும்பாலானவற்றைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 'செட் பாயின்ட்' என்பதற்கு 'இலக்கு வெப்பநிலை' போதும். 'டெர்மினல்' 'முனையம்' என்று நிலைத்துவிட்டது. 'ரிலே' எல்லோர் வாயிலும் பழகிய சொல், அப்படியே இருக்கட்டும். ஆனால் வெப்பநிலையை உணரும் கம்பியிணையின் கருவிப் பக்க முனையான 'கோல்ட் ஜங்ஷன்' என்பதற்குக் 'குளிர் சந்தி' என்றும் அளக்க வேண்டிய இடத்தில் இருக்கும் முனையான 'ஹாட் ஜங்ஷன்' என்பதற்குச் 'சூட்டுச் சந்தி' என்றும் முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளி இயற்பியலில் பழகிய சொற்கள்தாமே, அவற்றையே வைத்துக்கொண்டால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அந்தச் சொற்கள் பேனலின் முன்னால் நின்று கம்பி முடுக்குபவரைத் தவறான இடத்தைப் பார்க்க வைக்கின்றன என்பதே என் மறுப்பு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வெப்ப மின்னிரட்டை என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்துப் பற்றவைத்தது. சேர்ந்த முனைக்கும் மறு முனைகளுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது கம்பிகளில் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. சீபெக் 1821இல் கண்டறிந்த விளைவு இது. உலோகக் கலவைகளைப் பொறுத்து மின்னிரட்டைகளுக்குக் கே, ஜே என்று வகைப் பெயர்கள் உண்டு. கே வகை மின்னிரட்டையில் அந்த மின்னழுத்தம் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே. இதில் கவனிக்க வேண்டியது, கருவிக்கு வந்து சேருவது வேறுபாட்டின் அளவுதான் என்பது. உலையின் வெப்பநிலை வேண்டுமென்றால், மறு முனைகள் எந்த வெப்பநிலையில் இருக்கின்றன என்பதும் தெரிந்தாக வேண்டும். முற்காலத்து ஆய்வகத்தில் அந்த முனைகளை உருகும் பனிக்கட்டியில் வைத்துச் சுழியம் டிகிரியில் நிறுத்தினார்கள். இன்றைய மின்னழுத்த அட்டவணைகளும் சுழியம் டிகிரியை அடிப்படையாகக் கொண்டே அமைந்துள்ளன. 'குளிர்' என்ற அடைமொழி அந்தப் பனிக்கட்டிப் பாத்திரத்துக்கு உரியது. அங்கே அது மெய்யாகவே பொருந்தியது.

இன்று அந்தப் பாத்திரம் இல்லை. மின்னிரட்டையின் கம்பிகள் வந்து முடியும் இடம், கட்டுப்படுத்தியின் பின்புறத்திலுள்ள இரண்டு திருகு முனையங்கள். மூடிய பேனலுக்குள், காண்டாக்டரும் (பெரிய மின்சுமையை இணைத்துத் துண்டிக்கும் மின்விசை) மின்மாற்றியும் சூடேற்றிய காற்றில், அந்த முனையங்கள் 45 டிகிரியில் இருந்தாலும் வியப்பில்லை. கருவி தன் முனையங்களின் அருகே வைத்திருக்கும் ஒரு சிறு உணரியால் அந்த வெப்பநிலையை அளந்து, அதற்குரிய மின்னழுத்தத்தைக் கூட்டிக் கணக்கிட்டுத்தான் உலையின் வெப்பநிலையைத் திரையில் காட்டுகிறது. 45 டிகிரியில் இருக்கும் ஒரு திருகைக் 'குளிர் சந்தி' என்று கையேட்டில் படிப்பவர் பேனலுக்குள் எதைத் தேடுவார்?

குளிர்பதன அறையில் இதே கருவியைப் பொருத்தும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. அறைக்குள் இருக்கும் மின்னிரட்டையின் நுனி மைனஸ் 20 டிகிரியில் உறைந்திருக்கும். வெளியே பேனலில் உள்ள முனையங்கள் 35 டிகிரியில் இருக்கும். நம் பட்டியலின்படி உறைந்து கிடப்பதற்குச் 'சூட்டுச் சந்தி' என்று பெயர், சூடாக இருப்பதற்குக் 'குளிர் சந்தி' என்று பெயர். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, 'மெஷரிங் ஜங்ஷன்', 'ரெஃபரன்ஸ் ஜங்ஷன்' என்று தரநூல்களில் எழுதுகிறார்கள். அவர்கள் கைவிட்டுக்கொண்டிருக்கும் பெயரை நாம் புதிதாகத் தமிழில் ஆக்கி நிலைநிறுத்த வேண்டியதில்லை.

பெயர் தவறினால் வேலையும் தவறும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு, நேரில் பார்த்த ஓர் உலர்த்தும் அடுப்பு காரணம். மின்னிரட்டையின் தலைப்பெட்டியிலிருந்து (அடுப்பின் வெளிப்பக்கம் மின்னிரட்டைக் கம்பிகளைக் கேபிளோடு இணைக்கும் சிறு பெட்டி) பேனல்வரை இழுக்க வேண்டிய கே வகைக் கேபிள் நீளம் போதாமல், தலைப்பெட்டியிலிருந்தே சாதாரணச் செம்புக் கம்பியை இழுத்து முடித்திருந்தார்கள். காலையில் அடுப்பை இயக்கும் முன் பார்த்தால் திரையில் அறை வெப்பநிலை சரியாகவே தெரிந்தது. அடுப்பும் தலைப்பெட்டியும் பேனலும் அப்போது ஒரே வெப்பநிலையில் இருந்ததால் பிழை தோன்ற இடமே இல்லை. அடுப்பு சூடேறித் தலைப்பெட்டி 60 டிகிரிக்கு வந்தபோது பேனலின் முனையங்கள் 35 டிகிரியில் இருந்தன. செம்புக் கம்பி தொடங்கிய இடத்திலேயே, அதாவது 60 டிகிரியிலேயே, மின்னிரட்டை முடிந்துபோயிற்று. கருவியோ தன் முனையங்களின் 35 டிகிரியைத்தான் கூட்டிக்கொண்டது. இடைப்பட்ட 25 டிகிரி எவர் கணக்கிலும் வரவில்லை. திரை 200 என்று காட்டியபோது அடுப்பின் உள்ளே ஏறத்தாழ 225 டிகிரி. சரக்கு கருகுகிறது என்று சொன்ன ஊழியரைத் திரையைக் காட்டியே பல நாள் மறுத்திருக்கிறார்கள். எனக்கு இன்றும் வருத்தம் தருவது அதுதான்: அவர் கண் சொன்னது சரி, திரை சொன்னது தவறு.

அந்தப் பிழையை விளக்க முயன்றபோது 'குளிர் சந்தி' என்ற சொல் எனக்குக் கைகொடுக்கவில்லை. "எங்கேயும் குளிர்ச்சியே இல்லையே" என்று கம்பி இணைத்தவர் கேட்டார். பிறகு வேறு வழியில் காட்டினேன். மின்னிரட்டைக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, கருவியின் இரண்டு உள்ளீட்டு முனையங்களையும் ஒரு சிறு செம்புத் துண்டால் குறுக்கே இணைத்தேன். உள்ளே வரும் மின்னழுத்தம் சுழியம். ஆகவே திரையில் தெரிவது கருவி தானாகக் கூட்டிக்கொள்ளும் வெப்பநிலை மட்டுமே. 36 என்று காட்டியது. முனையத்தின் அருகே வைத்த வெப்பமானியும் கிட்டத்தட்ட அதையே காட்டியது. "இந்த இடத்தோடு ஒப்பிட்டுத்தான் கருவி அடுப்பை அளக்கிறது. ஒப்பிடும் இடம் இது என்றால், மின்னிரட்டையின் உலோகம் இதுவரை வந்தாக வேண்டும்" என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. 'ஒப்பிடும் இடம்' என்று அன்று வாயில் வந்ததையே சுருக்கி, 'ஒப்புச்சந்தி' என்று இப்போது முன்மொழிகிறேன்.

இதற்கு இணையாக, 'ஹாட் ஜங்ஷன்' என்பதைக் குறிக்கும் சொல்லுக்கு 'அளவைச் சந்தி', 'உணர்சந்தி' ஆகிய இரண்டையும் எண்ணிப் பார்த்தேன். உணர்சந்தி எனக்குப் பிடித்திருக்கிறது. அது வினைத்தொகை, உணர்ந்த, உணர்கின்ற, உணரும் என்ற மூன்று காலத்துக்கும் இடம் கொடுத்து ஓயாமல் உணர்ந்துகொண்டிருக்கும் ஒன்றைக் குறிப்பதற்குத் தமிழில் இதைவிடச் செறிவான வடிவம் இல்லை. வல்லினம் மிகாது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வோம். 'ஒப்புச்சந்தி'யில் 'ஒப்பு' பெயர்ச்சொல் என்பதால் அங்கே மிகும்.

'ஒப்பு' என்றால் ஒப்புதல், சம்மதம் என்று கொள்ள மாட்டார்களா என்று ஒருவர் ஐயம் எழுப்பக்கூடும். 'ஒப்பு நோக்குதல்', 'ஒப்பீடு', 'ஒப்புமை' என்று அந்த வேர் ஒப்பிடும் பொருளில் நாளும் புழங்குவதால் எனக்கு அந்த அச்சம் இல்லை. 'சந்தி'க்குப் பதில் 'முனை' என்று வைத்து 'ஒப்புமுனை' ஆக்கலாம் என்ற கருத்தும் வந்தது. 'முனையம்' என்பதை 'டெர்மினல்' பொருளில் ஏற்கெனவே வைத்திருக்கிறோம். அதே பக்கத்தில் 'ஒப்புமுனை முனையம்' என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் தடுமாறுவார். முச்சந்தி, நாற்சந்தி என்று தெருவில் வழங்கும் சொல் சந்தி. இரண்டு கம்பிகள் கூடும் இடத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. 'முனையச் சந்தி' என்றால் இடம் இன்னும் தெளிவாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒப்புச்சந்தியைக் கருவிக்கு வெளியே தனிப் பெட்டியில் வைத்து, அங்கிருந்து செம்புக் கம்பியில் கொண்டுவரும் அமைப்புகளும் உண்டு. அங்கே அந்தப் பெயர் பொய்யாகிவிடும்.

முனையங்களின் வெப்பநிலைக்கு உரியதைக் கருவி கூட்டிக்கொள்வதைக் குறிக்கும் 'கோல்ட் ஜங்ஷன் காம்பன்சேஷன்' என்பதற்கு 'ஒப்புச்சந்தி ஈடு' என்று வைக்கலாம். கையேட்டில் இந்தச் சொல் வரும் பத்தியிலேயே, கருவியைக் காண்டாக்டருக்கு நேர் மேலே பொருத்தக் கூடாது, குளிர்விக்கும் விசிறியின் காற்று முனையங்கள்மேல் நேராகப் படக் கூடாது, அளவு சரிபார்க்கும் முன் கருவியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடு நிலைக்க விட வேண்டும் என்பவற்றையும் எழுதிவிட வேண்டும். 48 மில்லிமீட்டர் சதுர முகப்புள்ள கருவிகளுக்கு 45 மில்லிமீட்டர் சதுரத் துளைகளை நெருக்கமாக வெட்டி, வரிசையாக அடுக்கும்போது ஒன்றின் சூடு அடுத்ததன் ஒப்புச்சந்தியைத் தொடுகிறது. துளையின் அளவைச் சொல்லும் இடத்தில் இடைவெளியையும் சொல்ல வேண்டிய காரணம் இதுதான்.

அடுத்து, கேபிளின் பெயர். 'காம்பன்சேட்டிங் கேபிள்' என்பதை 'ஈடுசெய் வடம்' என்று பட்டியலில் கண்டேன். தொழிற்கூடத்தில் எல்லா வகைக்கும் அந்த ஆங்கிலப் பெயரையே சொல்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் அந்தக் கேபிள் எதையும் ஈடு செய்வதில்லை. மின்னிரட்டையை ஒப்புச்சந்திவரை நீட்டித் தருவது மட்டுமே அதன் வேலை. ஈடு செய்வது கருவி. இரண்டுக்கும் 'ஈடு' என்று வைத்தால், இந்தக் கேபிள் போட்டுவிட்டதால் ஈடு ஆகிவிட்டது என்ற மயக்கம் தமிழிலும் தொடரும். இதில் இரண்டு வகை உண்டு: மின்னிரட்டையின் அதே உலோகக் கலவையால் ஆனது ஒன்று, விலை குறைந்த வேறு கலவையால் ஆகி, குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்குள் மட்டும் அதே மின்னழுத்தத்தைத் தருவது மற்றொன்று. முன்னதைத் 'தன்னினவடம்' என்றும் பின்னதை 'நிகர்வடம்' என்றும் அழைக்கலாம் என்பது என் கருத்து. நிகர்வடத்தின் எல்லை குறுகியது என்பதால், உலைச் சுவரை ஒட்டிய சூடான தலைப்பெட்டிக்கு எதை இழுப்பது என்ற முடிவைப் பெயர் வேறுபாடே நினைவூட்டும்.

இவ்விடத்தில் நிறங்களைப் பற்றிய எச்சரிக்கையும் சொற்பட்டியலோடு செல்ல வேண்டும். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60584 தரப்படி கே வகை வடத்தில் நேர்க்கம்பி பச்சை, எதிர்க்கம்பி வெள்ளை. அமெரிக்க முறையில் நேர்க்கம்பி மஞ்சள், எதிர்க்கம்பி சிவப்பு. சிவப்பு என்றதும் நேர்முனை என்று கை தானாகச் செல்லும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. கருவியின் முனையத்தில் மட்டும் மாறிவிட்டால் சூடேறச் சூடேறத் திரையில் எண் இறங்கும், பிழை உடனே தெரியும். அதைச் சரி செய்வதாக எண்ணித் தலைப்பெட்டியிலும் மாற்றிவிட்டால் எண் ஏறத்தான் செய்யும். ஆனால் தலைப்பெட்டிக்கும் ஒப்புச்சந்திக்கும் உள்ள வேறுபாட்டின் இரு மடங்கு பிழை உள்ளே ஒளிந்துகொள்ளும். மேலே சொன்ன அடுப்பில் அது 50 டிகிரியாகியிருக்கும். நிறத்தில் ஐயம் வந்தால் ஒரு காந்தத் துண்டு போதும்: கே வகையில் காந்தம் ஈர்ப்பது எதிர்க்கம்பியை, ஜே வகையில் ஈர்ப்பது இரும்பாலான நேர்க்கம்பியை.

மின்னிரட்டைக்குப் பதிலாகப் பயன்படும் மற்றொரு வகையான, வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டின மின்தடை உணரிக்கு இந்தச் சொற்கள் எவையும் வேண்டியதில்லை. அதற்கு ஒப்புச்சந்தி கிடையாது. செம்புக் கம்பியே போதும், அதைக் கருவியோடு இணைக்கும் மூன்று கம்பிகளும் ஒரே நீளமும் தடிப்பும் கொண்டிருந்தால் சரி. 'ஷீல்டு' என்பதற்குக் 'காப்புறை' என்றிருப்பதை மட்டும் மாற்றப் பரிந்துரைக்கிறேன். மின்காப்புக்கு உள்ள நெகிழி உறையையும் அதே சொல்லால் குறித்துவிட்டோம். ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டிய உலோகப் பின்னலை அதனோடு குழப்பக் கூடாது. 'பின்னலுறை' என்றால் கையில் பிடித்தவருக்கே தெரியும்.

உடன்பாடு இருந்தால், கருவியின் பின்புறம் உள்ளீட்டு முனையங்களின் அருகே ஒட்டும் சீட்டிலும் இந்தச் சொல்லைச் சேர்க்க விரும்புகிறேன். நான் எழுதிப் பார்த்த வாசகம் இது: "ஒப்புச்சந்தி இங்கே உள்ளது. தலைப்பெட்டியிலிருந்து இதுவரை கே வகை வடத்தையே இழுக்கவும். இடையில் செம்புக் கம்பி சேர்க்கக் கூடாது." ஒட்டுச்சீட்டின் அகலம் குறைவு என்பதால், இதைவிடச் சுருங்கச் சொல்ல முடிந்தவர்கள் தங்கள் வாசகத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.