டென்சில் ஹோலஸ் ஏன் சமாதானப் பக்கம் போனார்?

குறிஞ்சிமலர்:
1629-ல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் அவைத்தலைவரை எழுந்து போகவிடாமல் நாற்காலியிலேயே அமுக்கிப் பிடித்தவர் ஹோலஸ். 1642 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸ் கைது செய்ய வந்த ஐந்து உறுப்பினர்களில் ஒருவரும் அவர்தான். அதே ஆள் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே மன்னரோடு பேசலாம் என்கிறார். பயமா, பதவி ஆசையா?

பழஞ்சுவடி:
பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடாளுமன்றத்துக்காகப் படை திரட்டிக்கொண்டு, 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் போர்க்களத்துக்கே போனவர். அடுத்த மூன்று வாரத்துக்குள், நவம்பர் 12 அன்று, லண்டனுக்கு அருகே பிரென்ட்ஃபோர்டில் அவருடைய செஞ்சட்டைப் படையை மன்னர் தரப்புத் தளபதி இளவரசர் ரூபர்ட்டின் ஆட்கள் நொறுக்கிவிட்டார்கள். தேம்ஸில் மூழ்கிச் செத்தவர்களும் உண்டு. சமாதானம் என்று அவர் பேச ஆரம்பித்தது அந்தக் குளிர்காலத்தில்தான். தான் திரட்டிய ஆட்களை அப்படிப் பறிகொடுத்தவர் வேறென்ன பேசுவார்?

நாணல்:
சரி ஐயா, மன்னரோடு சமாதானம் பேசியவர் சொந்தத் தரப்பான நாடாளுமன்றப் படையோடு ஏன் பேசவில்லை? 1647-ல் குதிரைப்படைக்கு 43 வாரச் சம்பளம் பாக்கி. அதைக் கேட்டு மனு எழுதினால் நாட்டின் எதிரிகளா?

பழஞ்சுவடி:
நியாயமான கேள்வி. மனு எழுதியவர்களை எதிரிகள் என்ற அந்தக் கண்டனத் தீர்மானத்தை மார்ச் மாத இரவில், அவை பாதி காலியான நேரத்தில், அவரே எழுதினார். காலாட்படைக்கும் 18 வாரப் பாக்கி இருந்தது; நாடாளுமன்றம் கொடுக்க முன்வந்ததோ 6 வாரச் சம்பளம். பாக்கியைத் தீர்த்திருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும். இதில் அவருக்காக வாதாட என்னால் முடியாது. கோடையில் படை ஹோலஸ் உட்பட பதினொரு உறுப்பினர்கள்மீது குற்றம் சுமத்தியது, இவர் பிரான்சுக்குத் தப்பிப் போனார்.

ஆனால் பதவி ஆசை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். போருக்குப் பின் ஒழிக்கப்பட்ட மன்னராட்சி முதலாம் சார்லஸின் மகன் இரண்டாம் சார்லஸோடு திரும்பிய பின் 1661-ல் பிரபு பட்டம் கிடைத்தது, அப்புறம் பிரான்சுக்குத் தூதர் பதவி. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எழுபது வயதைத் தாண்டியும் இரண்டாம் சார்லஸின் அமைச்சர் டான்பியை எதிர்த்தார். 1676-ல் மன்னரின் ஆலோசனைக் குழுவிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள்.

குறிஞ்சிமலர்:
இந்தக் கடைசிக் காலம் எனக்குத் தெரியாதது. நன்றி ஐயா, டான்பி விவகாரத்தைத் தேடிப் படிக்கிறேன்.