டீசலைத் தேற்றுவதா, வடிப்பதா?

கொடைக்கானலிலிருந்து, வெள்ளி காலை

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். திங்கள் மதியத்துக்குள் ஒரு கையேட்டைத் தமிழாக்கி முடித்துக் கொடுக்க வேண்டும். மோட்டார் யாட்டில் (பாயின்றி என்ஜினில் மட்டும் ஓடும் தனியார் பயணப் படகு) நெடுங்கடல் போகிறவர்கள் கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது பொருள். வெளிநாட்டுப் படகுகளில் வேலைக்குச் சேரும் கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பையன்கள்தான் படிக்கப்போகிறார்கள். உயிர்காப்பு மிதவை, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கருவி எல்லாம் தட்டில்லாமல் தமிழில் வந்துவிட்டன. இரண்டு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நிற்கிறேன்.

ஒன்று, பாசேஜ். முழுப் பயணம் அல்ல. ஒரு துறைமுகத்தை விட்டால் அடுத்த துறைமுகம் வரை கரை தொடாமல் ஓடும் ஒரு கட்டம்.

இரண்டு, ஃபியூயல் பாலிஷிங். இதுதான் தலைவலி. என்ஜினுக்குப் போகும் வழியில் இருக்கும் ஃபில்டர் வேறு. இது புறப்படும் முன்பே செய்வது. தனி பம்பு வைத்து டேங்கின் அடியிலிருந்து டீசலை இழுத்து, நீர்பிரிப்பி, ஃபில்டர் வழியாக விட்டு, அதே டேங்குக்குத் திருப்புவது. மணிக்கணக்கில் ஓடும். கரையில் கட்டிக் கிடக்கும்போது கசடு அடியில் சும்மா கிடக்கும். நடுக்கடலில் படகு உருள ஆரம்பித்ததும் மொத்தமும் கலங்கி எழுந்து ஃபில்டரை அடைத்துவிடும். பாய்மரப் படகுக்காரருக்குக் காற்றாவது மிச்சம். இவர்களுக்கு அதுவும் இல்லை.

மெருகேற்றல் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அது நகைக்கடைக்கு ஆகும்.

கோத்தகிரியிலிருந்து, வெள்ளி காலை

அம்மா, முதலாவதற்குச் சொல் தேடவே வேண்டாம். தொல்காப்பியர் வைத்திருக்கிறார்: ‘முந்நீர் வழக்கம்’. கடல்வழிச் செலவு என்று உரையாசிரியர்களே விளக்கியாயிற்று. மோட்டார் யாட்டுக்குப் ‘பொறிநாவாய்’. காற்றையே ஏவல்கொண்ட, ‘வளிதொழில் ஆண்ட’ சோழன் மரபைப் பாடிய மொழியில் யாட் என்று எழுதக் கை கூசவில்லையா?

கொடைக்கானலிலிருந்து

ஐயா, அந்த நூற்பாவின் பின்பாதியையும் சொல்லுங்கள்: ‘மகடூஉவொடு இல்லை’. பெண்ணோடு கடற்பயணம் இல்லை என்று பொருள். இந்தக் கையேட்டில் படகை ஓட்டுவதே கணவனும் மனைவியும்தான். இரவில் முறைவைத்துக் காவல். ஒருவர் தூங்கினால் மற்றவர் சுக்கானில். முந்நீர் வழக்கம் என்று தலைப்புப் போட்டால் அந்த அம்மாவை முதல் பக்கத்திலேயே இறக்கிவிட வேண்டியதுதான்.

ஊட்டியிலிருந்து

மலையைக் கடக்கும் வழி கணவாய் என்றால் கடலைக் கடப்பது கடற்கணவாய் ஆகாதா?

தூத்துக்குடியிலிருந்து

ஆகும் அண்ணே. கிலோ என்ன விலைக்கு எடுக்கிறீர்கள்? இங்கே கணவாய் என்றால் வலையில் வருவது, மை கக்குவது. பையன்கள் பசியோடு படிப்பார்கள்.

‘கடலோட்டம்’ என்று வையுங்கள். வள்ளுவரே ‘கடலோடும் நாவாய்’ என்கிறார், கோத்தகிரி ஐயாவும் கோபிக்க மாட்டார். எங்கள் ஊரில் நாட்கணக்கில் கடலில் கிடந்து பிடிப்பதற்குத் தங்குகடல் என்று ஒரு சொல் உண்டு. ஆனால் அது தங்குவது, இது ஓடுவது.

கொடைக்கானலிலிருந்து

கடலோட்டம், எழுதிக்கொண்டேன். யாட் யாட்டாகவே இருக்கட்டும். விசைப்படகு என்றால் பையன்களுக்கு இழுவலை நினைவுக்கு வரும், உல்லாசப் படகு என்றால் எனக்கு எங்கள் ஏரியில் மிதித்துப் போகும் படகு. இரண்டாவதைச் சொல்லுங்கள். சுத்திகரிப்பு போடலாமா?

குன்னூரிலிருந்து

வேண்டாம் அக்கா. சுத்திகரிப்பு என்றதும் கச்சா எண்ணெய் ஆலைதான் கண்ணில் நிற்கும். ‘தெளித்தல்’ என்று ஒருவர் எனக்குத் தனியே எழுதியிருந்தார். தெளிய வைப்பது என்ற பொருளில்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் ‘புறப்படும் முன் டீசலைத் தெளிக்கவும்’ என்று என்ஜின் அறையில் ஒட்டினால் எவனாவது நிஜமாகவே தெளித்துவிடுவான்.

கோத்தகிரியிலிருந்து

தெளித்தல் தவறு. தேற்றல் சரி. தேறு தன்வினை, தேற்று பிறவினை. ஆறு–ஆற்று, மாறு–மாற்று போல. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர் வந்ததே இதனால். கலித்தொகையில் ‘இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து’ என்று வருகிறது. இல்லம் என்பது தேற்றா மரம், காழ் அதன் விதை. வருவதும் நெய்தற்கலியில்! கடல் சார்ந்த நிலத்துப் பாட்டிலேயே சொல் காத்திருக்கிறது, நாம்தான் பம்பையும் பாலிஷையும் கட்டி அழுகிறோம்.

கிளைப்பதையும் பாருங்கள். செயல் தேற்றல், கருவி தேற்றி, வெளிவருவது தேறிய எண்ணெய். சங்கத்தார் குடித்த தேறலும் தெளிந்த கள்தான். இல்லம் என்ற மரத்துக்குத் தொல்காப்பியர் தனி நூற்பாவே ஒதுக்கியிருக்கிறார்: ‘இல்ல மரப்பெயர் விசைமர இயற்றே’. இதில் வரும் விசைமரம் எது என்று நான் நெடுநாளாக யோசித்து வருகிறேன். வேங்கையோடு ஒப்பிட இடமுண்டு. விரிவாக நாளை.

ஊட்டியிலிருந்து

விசைப்படகு செய்கிற மரமாக இருக்கும் ஐயா.

தேற்றல் என்றால் எங்கள் வீட்டில் ஆறுதல் சொல்வது. டீசல் ஏன் அழுதது?

குன்னூரிலிருந்து, சனி

மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிட்டு வந்தேன். தேயிலை ஏற்றும் பழைய வண்டி ஒன்றின் டேங்க் அடியிலிருந்து வடித்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் காட்டினார்கள். மேலே தேன் நிறத்தில் நல்ல டீசல். அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம். பாட்டிலைச் சாய்த்தால் கிழியாமல் கூடவே சாய்கிறது. அது வெறும் அழுக்கில்லை, உயிருள்ளது. தண்ணீரில் இருந்துகொண்டு டீசலைத் தின்று வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும். மெக்கானிக் அதைப் பாசி என்கிறார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், டேங்க் பாதி காலியாகக் கிடந்தால் உள்ளேயிருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து சுவரில் வேர்த்து இறங்குகிறது. பனிக்காலத்தில் நம் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘டேங்க் கழுவுறது’. டேங்கை இறக்கிக் கவிழ்த்துக் கழுவுகிறார்கள். படகில் டேங்கை இறக்க வழியில்லை, ஆகவே சொல்லும் உதவவில்லை.

தூத்துக்குடியிலிருந்து

நான் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் இருந்தவன். அங்கே இதற்கு நிகரான வேலையைச் செய்வது பியூரிஃபையர். எண்ணெயை வேகமாகச் சுழற்றி, கனமான தண்ணீரையும் கசடையும் ஓரத்துக்கு வீசி எறியும். அப்படியே பியூரிஃபையர் என்றுதான் சொல்வோம், எந்த நிகண்டும் வந்து தடுக்கவில்லை.

கோத்தகிரி ஐயாவின் தேற்றலில் எனக்கு ஒரு சங்கடம். எங்கள் ஆச்சி பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் அடியில் தங்கும், மேலே இருப்பதை மொண்டுகொள்ளலாம். அடியில் தங்க வைப்பதுதான் தேற்றுவது. இங்கே ஆபத்தே அடியில் தங்கியதுதானே! தேற்றிய டேங்கை எடுத்துக்கொண்டு ஆடிமாதக் கச்சான் காற்றில் போனால் பாதி வழியில் மறுபடி கலங்கும். கையேட்டுக்கு நேர் எதிரான வேலையைச் சொல் சொல்கிறது.

ஊட்டியிலிருந்து

ஒரு சந்தேகம். அடியில்தானே அழுக்கு? டீசலை நிறைய ஏற்றிக்கொண்டு அடிப்பகுதியைத் தொடாமல் போய்விட்டால் என்ன?

தூத்துக்குடியிலிருந்து

உருளும்போது அடி எது, மேல் எது? அதோடு ஏற்றும் அளவுக்கு டேங்க் வேண்டுமே. இந்தப் படகுகள் தூரம் போவது மெதுவாகப் போய்த்தான். தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்) வேகத்தில் ஓடுவதை 6க்கு இறக்கினால் மணிக்குச் செலவாகும் டீசல் பாதிக்கும் கீழே வந்துவிடும். அதே டீசலில் முக்கால் பங்கு தூரம் கூடுதலாகப் போகலாம். அப்படிக் கணக்குப் பார்த்து ஓடியும் கடைசி இரண்டு நாள் எதிர்காற்று அடித்தால் கையிருப்பில் கைவைத்துத்தான் ஆக வேண்டும். கையிருப்பு இருப்பது அடியில்.

கொடைக்கானலிலிருந்து, ஞாயிறு மாலை

காலையிலிருந்து இங்கே மேகம் இறங்கிக் கரண்ட் இல்லை, இப்போதுதான் வந்தது. தேற்றல் எனக்கும் பிடித்த சொல். ஆனால் தூத்துக்குடி அண்ணன் சொன்னதற்குப் பதில் கிடைக்காமல் அதை வைக்க முடியாது. குன்னூர் தம்பி தொலைபேசியில் ‘சுற்றிவடித்தல்’ என்றான். டீசல் சுற்றி வருகிறது, வடிபடுகிறது. பார்த்தவுடன் புரிகிறது. ‘சுற்றுவடிப்பு’ என்று பெயராக்கி, கருவியைச் ‘சுற்றுவடிப்பி’ என்கிறேன்.

குன்னூரிலிருந்து

ஆமோதிக்கிறேன், என் சொல்தானே.

ஊட்டியிலிருந்து

சரி. ஞாயிறு இரவுக்கு இது போதும்.

தூத்துக்குடியிலிருந்து

சரி. ஆனால் முதல் இடத்தில் ‘டீசல் பாலிஷிங்’ என்றும் சேர்த்து எழுதுங்கள். படகுக்காரன் அப்படித்தான் கத்துவான்.

கோத்தகிரியிலிருந்து, ஞாயிறு இரவு

என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். வடித்தல் என்றால் சோறு வடிப்பதும் உண்டு. அதில் மேலே உள்ளது போகும், அடியில் உள்ளது நிற்கும். தேற்றலுக்குச் சொன்ன குறை வடித்தலுக்கு இல்லையா? தூத்துக்குடிக்காரர் ஆச்சியின் பானையோடு நின்றுவிட்டார். தேறுதல் என்றால் கலக்கம் நீங்குவது, கசடு எங்கே போயிற்று என்பது அதில் பொருளே அல்ல. விசைமரம் பற்றிய கட்டுரை தனி இழையில் வரும்.

தூத்துக்குடியிலிருந்து

பதிந்தாயிற்று ஐயா. சோற்று நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா, சுற்றிவடித்துவிட்டால் போதும் என்று பையன்கள் நினைத்துவிடப் போகிறார்கள். உதிரி ஃபில்டர் பற்றி எழுதினீர்களா?

கொடைக்கானலிலிருந்து

எழுதியிருக்கிறேன். இரட்டை ஃபில்டர், ஒன்று அடைத்தால் என்ஜினை நிறுத்தாமல் மற்றதற்குத் திருப்பும் வால்வு, அடைப்பு ஏறுவதைக் காட்டும் வெற்றிட அளவி (வேக்குவம் கேஜ்), ஃபில்டர் துளை முதல் கட்டத்துக்கு 30 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அப்புறம் 10. உதிரி எத்தனை என்ற இடத்தில் மூலத்தில் ‘தேவையென்று நினைப்பதைப் போல் இருமடங்கு’ என்று இருக்கிறது. அதை மாற்றாமல் விட்டிருக்கிறேன். வெற்றிட அளவி சரிதானா, யாராவது காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள்.