போட்வின்னிக் – கபபிளாங்கா, 1938: பிஷப் பலிக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டதா?

கேள்வி:
நெதர்லாந்தில் 1938 நவம்பரில் நடந்த ஆவ்ரோ சதுரங்கப் போட்டியில், முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவை, வெள்ளைக் காய்களுடன் ஆடிய போட்வின்னிக் வென்ற ஆட்டத்தைப் பலகையில் காய் வைத்து ஆடிப் பார்த்தேன். வெள்ளை தனது 30ஆவது நகர்த்தலில் பிஷப்பை ஏ3 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்), கறுப்பு ராணி வெட்டும்படி வைக்கிறது. அந்த நேரத்தில் கறுப்பிடம் ஒரு சிப்பாய் அதிகமாகவே இருந்தது. இது அந்தக் கணத்தில் தோன்றிய தந்திரமா, முன்பே உருவான நிலையின் விளைவா? கபபிளாங்கா பிஷப்பை வெட்டாமல் விட்டிருந்தால் தப்பியிருப்பாரா?

மறுமொழி 1:
நிலையின் விளைவு என்பதே என் கருத்து. நிம்சோ-இந்தியத் தொடக்கத்தில் (ஆரம்ப நகர்த்தல்களின் ஒரு வகை) இருந்து வந்த இந்த ஆட்டத்தில், கறுப்பு 14ஆவது நகர்த்தலில் சி5 சிப்பாயை சி4-க்குத் தள்ளியதும் டி4 மீதிருந்த நெருக்கடி நீங்கி, நடுப்பலகையில் வெள்ளையின் கை ஓங்கிவிட்டது. பிறகு கறுப்புக் குதிரை பி8, சி6, ஏ5 வழியாக பி3-க்குப் போய் ஏ4 சிப்பாயை வெல்ல வழி செய்தது. அதற்குள் வெள்ளை எஃப்3, இ4, இ5 என்று முன்னேறிவிட்டது. பி3-இல் அமர்ந்த அந்தக் குதிரை ஆட்டம் முடியும்வரை அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ராஜாவின் பக்கம் போர் நடந்தபோது கறுப்பு ஒரு காய் குறைவாகவே ஆடியது எனலாம். 27ஆவது நகர்த்தலில் இ6-இல் தடையற்ற சிப்பாய் (எதிரிச் சிப்பாய் எதுவும் தடுக்க முடியாத சிப்பாய்) பிறந்தபின், அதை மறித்து நிற்கும் ராணியை விலக்குவது மட்டுமே பாக்கி. பி2-இல் அடைபட்டிருந்த பிஷப் அதற்குத்தான் பயன்பட்டது.

வெட்டாமல் ராணியை இ8-க்கு நகர்த்தினாலும் பயனில்லை. வெள்ளை ராணி சி7-இல் செக் கொடுக்க, ராஜா ஜி8-க்கு ஒதுங்க, பிஷப் இ7-இல் வந்து குதிரையைத் தாக்கும். குதிரை ஜி4-க்கு ஓடினால் வெள்ளை ராணி டி7-க்கு வரும். அங்கே ராணிகள் வெட்டுப்பட்டால் சிப்பாய் டி8-இல் ராணியாகிவிடும்.

அந்த மாதம்தான் கபபிளாங்காவுக்கு 50 வயது நிறைந்தது. தோல்விக்குக் களைப்பைக் காரணம் காட்டுவோர் உண்டு. காரணம் பலகையிலேயே தெரியும்போது அது தேவையில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கணக்கிடும் திறன் இல்லாமல் அந்த நிலை வெற்றியாக மாறியிருக்காது. எச்5-இல் குதிரையையும் பலி கொடுத்து, ஜி5-இல் செக் வைத்து, எஃப்6 குதிரையை ராணியால் வெட்டியபின், உடனே எஃப்7-இல் செக் கொடுக்கவே கை துடிக்கும். போட்வின்னிக் அதைச் செய்யாமல் 34ஆவது நகர்த்தலாக இ7 ஆடினார். ராணி எஃப்6-இலேயே நின்றால் டி4 சிப்பாய் காவலில் இருக்கும். எஃப்7-க்குப் போனால் கறுப்பு ராணி சி1, டி2, சி3 எனச் செக் கொடுத்துக்கொண்டே வந்து டி4-ஐயும் செக்குடன் வெட்டிவிடும். இப்போது அந்த வழி அடைபட்டதால், வெள்ளை ராஜா எஃப்2, ஜி3, எச்4 என்று நடந்து எச்5 சிப்பாயையும் வெட்டி, 41ஆவது நகர்த்தலில் செக்குகளில் இருந்து தப்பிவிட்டது.

மறுமொழி 3:
ஏ4 சிப்பாயை வெட்டியதைக் குறை சொல்வது நியாயமில்லை. சி4 ஆடியபின் ராணியின் பக்கம்தான் கறுப்புக்கு வேலை இருந்தது. தவறு அந்த சி4-இல்தான். 26ஆவது நகர்த்தலில் இ6 யானையை வெட்டாமல் ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். யானை எஃப்6 குதிரையைச் செக்குடன் வெட்டும். ராஜா அதை வெட்டியதும் எஃப்5 சிப்பாய் ஜி6-ஐ வெட்ட, பின்னால் எஃப்2-இல் இருக்கும் ராணியின் செக் திறந்துகொள்ளும்.